ஒன்பது மீட்டர்

முன்பு ஒரு கோடு இருந்தது,
கதவிலிருந்து ஒன்பது மீட்டரில்.
ஆகஸ்டில் முழங்காலூன்றி
மஞ்சள் வண்ணத்தில் நான் இழுத்தது.
நவம்பரில் பனி மூடியதும்
அவரவர் வசதிக்கு
அவரவர் ஒன்பது மீட்டர்.

இந்த ஜனவரியிலிருந்து கோடே வேண்டாம் என்றார்கள்.
சஸ்கட்டூனில் எங்கள் வளாகம் முழுக்கப் புகை கூடாது.
அறிவிப்பு மூன்று பக்கம்.
எனக்கு வந்த வேலைச்சீட்டு ஒரே வரி:
சாம்பல் தூண்கள், நாற்பத்தொன்று, அகற்றவும்.

நானும் டாரில் கொவல்சுக்கும் டிரக்கோடு கிளம்பினோம்.
போல்ட்டுகள் உறைந்து கிடந்தன.
வெந்நீர் ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே கண்ணாடி.
கடைசியில் ஊதுவிளக்கைக் கொளுத்தினான் டாரில்.
புகையைத் துரத்த நெருப்பு, என்றேன்.
சிரித்தான்.
அவன் சட்டைப்பையில் சதுரமாகப் புடைத்ததை
நான் கேட்கவில்லை.

தூணுக்குள் துண்டுகள் மட்டுமா?
ஒரு காதணி. நான்காகக் கிழித்த விடைத்தாள்.
பூட்டில்லாத ஒரு சாவி.
எல்லாவற்றிலும் கனத்தது
தாதியர் கல்லூரிப் பின்வாசல் தூண்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு மைனஸ் முப்பத்துநான்கு.
காவல் பிரிவுக்குப் புதிதாய் வந்த பிரியெல்
எச்சரிக்கைச் சீட்டுக் கட்டோடு நூலக வாசலில் நின்றாள்.
வகுப்பு விட்டது.
முந்நூறு வாய். முந்நூறிலும் புகை.
எதைக் கண்டு யாரைப் பிடிப்பாள்?
நெருப்பில்லாமல் புகையாது என்று
வெயிலூரில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டார்கள்.
சீட்டுக் கட்டைக் கோட்டுக்குள் செருகிவிட்டு
அவளும் ஒருமுறை ஊதிப் பார்த்தாள்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.
என் மகன் செவ்வேளுக்கு ஐந்து வயது. இழுப்பு.
குழந்தைகள் காப்பகத்துக்கு வழி
அந்தத் தாதியர் கல்லூரிப் பின்வாசல்தான்.
தூணைத் தாண்டும்வரை மூச்சைப் பிடிக்கப் பழக்கியிருந்தேன்.
ஒன்று, இரண்டு என்று நான் எண்ண
கன்னம் உப்பி, கண் பிதுங்கி
என் கையை இழுத்துக்கொண்டு ஓடுவான், ஒன்பதுவரை.
கொள்கைக்கு வாக்கு கேட்டிருந்தால்
இரண்டு கையும் தூக்கியிருப்பேன்.
தூண் பிடுங்குகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

தட்டுக் கழுவும் சபித்ரியையும் கேட்கவில்லை.
அவளுக்கு இடைவேளை பதினைந்து நிமிடம்.
வளாக எல்லைக்கு நடக்க ஏழு, திரும்ப ஏழு.
"மிச்ச ஒன்றில் பற்றவைப்பதா இழுப்பதா,
நீயே சொல்" என்றாள்.
நிகோட்டின் பட்டை விலை விசாரித்தாளாம்,
ஒரு பெட்டி மூன்று மணி நேரக் கூலி.
கார் வைத்திருப்பவர்கள் சாலையைக் கடந்து நிறுத்தி
ஹீட்டர் போட்டு
ஜன்னலை ஓர் அங்குலம் இறக்கிக்கொள்கிறார்கள்.
அதுவும் சட்டப்படி சரிதான்.

வெள்ளிக்கிழமை கடைசித் தூணைப் பிடுங்கினோம்.
சிமெண்டில் நான்கு துளை.

திங்கட்கிழமை காலை
அந்த இடம் வந்ததும் செவ்வேள் நின்றான், கன்னம் உப்பினான்.
விடடா, இனி வேண்டாம், என்றேன்.
தலையாட்டினான். எண்ணு என்று விரலால் காட்டினான்.
எண்ணினேன், வேறென்ன செய்ய.
ஒன்பதில் வாய் திறந்தான்.
அவன் உயரத்துக்கு ஒரு வெள்ளை மேகம்.
அதைப் பார்த்து அவனுக்கே வியப்பு.
உடனே இரண்டு விரலை உதட்டில் வைத்து
இன்னொரு முறை ஊதினான், பெரிய மனுஷன் மாதிரி.

தட்டிவிடக் கை எழுந்தது, சிரிப்பும் வந்தது.
தூரத்தில், பேருந்து நிறுத்தத்தில்,
சமையற்கூடத் தொப்பியோடு ஓர் உருவம்.
அதன் வாயிலும் வெள்ளை.
மூச்சா, மற்றதா,
இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவள் இன்னும் ஏழு நிமிடம் நடக்க வேண்டும்.